நாலு விரல் மடிப்பு

பள்ளி முற்றம் முழுக்கப் பச்சையாக இருக்கிறது. பிள்ளைகள் நகரும்போதெல்லாம் புதுப் பச்சைப் பாவாடைகள் மொடமொடக்கின்றன. தையல்காரி மூட்டையை இடுப்போடு அணைத்தபடி நிற்கிறாள். உள்ளே அறுபது நீலப் பாவாடைகள். துணியும் தையலும் அவளுடையது, அதற்கு ஈடாக மகளுக்கு ஐந்தாவது வரை ஃபீஸ் கிடையாது என்பது தலைமை ஆசிரியை சொன்ன பேச்சு. துணிக்காகக் கம்மலை விற்றாயிற்று. காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க பாவாடை தைத்த அதே நீல நூலைக் கோத்து முடிந்திருக்கிறாள்.

“போன வாரம்கூட எத்தனை முடிஞ்சுதுன்னு கேட்டீங்களே, டீச்சர்.”

தலைமை ஆசிரியை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்கும் ஒரு குழந்தையின் சட்டைக் காலரைச் சரிசெய்கிறாள். “கம்பெனியில ரெடிமேடா வாங்கறதுன்னு மூணு மாசம் முன்னாடியே முடிவாயிடுச்சும்மா. நான் என்ன பண்றது? ஃபீஸை இந்த வாரத்துக்குள்ள ஆஃபீஸ்ல கட்டிடுங்க.”

தையல்காரியின் விரல்கள் மூட்டையின் முடிச்சை இறுக்குகின்றன. அது ஏற்கெனவே இறுகித்தான் இருக்கிறது. வரிசையில் அவள் மகள் மட்டும் நீலம். பாவாடையின் ஓரத்தைத் திருப்பி, உள்ளே நாலு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்திருப்பதைப் பக்கத்தில் நிற்பவளுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

“வளர வளரப் பிரிச்சு விட்டுக்கலாம். அஞ்சாவது வரைக்கும் எனக்கு இதேதான். பெரிய டீச்சரே எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காங்க.”