ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

திரையில் இந்தப் பூச்சி வரிசையைச் சுட்டு முடித்தால் கணவரின் ஸ்கோரைத் தாண்டிவிடுவாள். அவள் நின்றுவிட வேண்டிய இடம் இதுதான்.

கை நிற்கவில்லை.

திறப்பு விழா ரிப்பனுக்கு அந்தப் பக்கம், மேடையில், அவர் மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் ஆகிறது.

"ஆதி மனிதன் கல்லெறிந்தான். அதன் தொடர்ச்சியே இந்த விளையாட்டு!"

விண்வெளிப் பூச்சிகளைச் சுடும் வீடியோ கேம் பெட்டியின் வரலாற்றைக் கேட்க வந்த கூட்டம் இப்போதுதான் வெண்கலக் காலத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

பெட்டி அவருடையது. இன்று முதல் இந்தக் கோவை மாலுக்கு அன்பளிப்பு.

கரண்ட் போனால் ஸ்கோரை மறந்துவிடும் பழைய ரகம். வாங்கி வந்து ஹாலில் வைத்த நாளிலிருந்து அணைத்ததே இல்லை. ஊருக்குப் போனால் ஃப்ரிட்ஜை அணைப்பார், இதை அணைக்க மாட்டார். காலையில் டெம்போவில், இன்வெர்ட்டரோடு, ஐசியூ நோயாளி மாதிரி வந்து இறங்கியது. திரையின் உச்சியில் அவர் ஸ்கோர். பக்கத்தில் அவர் பெயரின் மூன்று எழுத்து.

அவர் ஆபீஸ் போன மதியங்களில் அவள் ஆடுவாள். அந்த ஸ்கோரை நெருங்கியதும் குண்டு விழும் இடமாகப் பார்த்துப் போய் நிற்பாள். செத்துவிட்டு, அரிசி களையப் போவாள்.

எதற்கு வீண் வம்பு.

இன்று ஆடச் சொன்னது போட்டோகிராபர். சும்மா கிடக்கும் பெட்டியைவிட யாராவது ஆடுகிற பெட்டி படத்தில் நன்றாக இருக்குமாம்.

மைக்கில் அவர் குரல் ஏறியது. "இந்த ஸ்கோரைத் தாண்ட இன்று வரை ஆள் பிறக்கவில்லை!"

கைதட்டல்.

குண்டு இறங்கியது.

விலகினாள். சுட்டாள்.

இன்னொன்று.

"அக்கா, தாண்டிட்டீங்க!" கத்தரிக்கோல் தட்டை ஏந்தி நின்ற பெண் கத்தியே விட்டாள்.

மேடையில் பேச்சு நின்றது. எல்லாத் தலைகளும் திரும்பின.

அடுத்து வந்த குண்டை அவள் பார்க்கவேயில்லை. ஆட்டம் முடிந்து, திரை பெயர் கேட்டது.

அவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். மைக்கை மட்டும் விடவில்லை.

"யாரு அடிச்சா என்னங்க, எல்லாம் ஒரே வீடுதானுங்களே! அம்மிணி, என் பேரையே போட்டுரு."

கூட்டமும் சிரித்தது.

அவள் கைப்பிடியைச் சாய்த்தாள். எழுத்துகள் ஓடின. அவர் எழுத்து வந்தது. கடந்து போனது.

ஓரிடத்தில் நிறுத்தி, அழுத்தினாள்.

அவர் குனிந்தார். சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார்.

இரண்டாவது எழுத்து.

பேண்ட் பையில் தேடினார்.