பாலைவனத்தைக் கண்டிராதவன்

"பிள்ளை, இந்தப் படம் எப்பிடி? பழஞ்சாமான் விக்கிற சரிட்டிக் கடையில எடுத்தனான்."

லண்டன் லூயிஷாம் வீட்டு வரவேற்பறையில் செபமாலைமுத்து அப்போதுதான் ஆணியடித்துக் கொழுவியிருந்தார். மணல், கூடாரம், இரண்டு ஒட்டகம், முக்காடு போட்ட நாடோடிகள். பல்கலைக்கழகத்தில் ஓவிய வரலாறு படிப்பிக்கும் மகள் பெனிற்றா, சோபாவில் இருந்தபடியே மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தாள்.

"நூற்றைம்பது வருசப் பழசு, அப்பா. கீறின வெள்ளைக்காரன் பாலைவனத்தைக் கண்ணாலயும் கண்டிருக்கமாட்டான்."

"ஓம், கண்டிருக்கமாட்டான்."

"ஒரு ஆளுக்காவது முகம் இருக்கா? எல்லாம் முதுகு. அந்தச் சனம் அவனுக்கு மனிசர் இல்லை, அலங்காரம். அதுதான் இதிலை உள்ள அரசியல்."

"முகம் கீற வராதோ என்னவோ."

"நீங்கள் பாவம் பாக்காதேங்கோ. திமிர் பிடிச்சவன்."

செபமாலைமுத்து சிரித்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஷிப்டுக்குப் புறப்பட்டவர், பஸ் தரிப்பிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பெனிற்றாவோடு படிப்பிப்பவர்கள் வருவதாக இருந்தது.

"அம்மா, இதைக் கழட்டி ஷெட்டுக்குள்ள வைக்கப்போறன். அவையள் கண்டால் என்ர மானம் போகும். இப்பிடிப் படங்களுக்கு எதிராப் புத்தகமே எழுதினனான்."

"கொப்பர் கொழுவினது. இருக்கட்டும்," என்றாள் டொலறஸ்.

"அப்பாக்கு இதுகள் என்ன தெரியும், பாவம். மலிவா இருந்திருக்கும், வாங்கியிருப்பார்."

"என்ர வீட்டுச் சுவரடி. நான் செத்தாப்பிறகு கழட்டு."

பெனிற்றா அதற்குள் கதிரையில் ஏறிவிட்டாள். படத்துக்குச் சட்டம் இல்லை. மணல் ஓரமாகப் பிடித்துத் தூக்கியபோது பெருவிரல் வழுக்கியது. இறங்கி, விரலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னம்மா இது, பிசுபிசுக்குது?"

டொலறஸ் படத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை ஓவர்டைம் எண்டு சொல்லிப்போட்டு படம் கீறுற வகுப்புக்குப் போனவர். நீ நல்லமெண்டு சொன்னால், ஆர் கீறினதெண்டு சொல்லுவம் எண்டிருந்தவர்."

செபமாலைமுத்து எண்ணெய் வர்ணத்தில் தடிப்பாகப் பூசிவிட்டிருந்த மணல் இன்னும் காயவில்லை.