சிவப்பு மூடி

கோளாறு துப்பாக்கியிலேயே இருந்துவிடட்டும். சோபனா இதை யாரிடமும் சொல்லவில்லை. காலையிலிருந்து மனதுக்குள் இந்த ஒரு நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிர்றேன்" என்றார் மாமனார் பெரியண்ணன். மாட்டுக்கொட்டகை முன்னால் கட்டிலைப் போட்டு, ஏர்கன்னை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகளை விரட்ட வாங்கியது அது. மேலே படாமல் பக்கத்தில் சுட்டாலே ஓடிவிடும். போன வாரம் அவர் தென்னை மட்டையைக் குறி பார்த்தார். உடைந்தது பக்கத்து வீட்டு ராஜாமணியின் வாசல் பல்பு.

"ராஜாமணி அக்கா இதுக்குக் குரங்கே பரவால்லன்னு சொல்லுதுங்க மாமா."

"அவ வாய்க்கென்ன. சாமான் சரியில்லன்னா நான் என்ன பண்ணுவேன்?"

வெறும் துப்பாக்கி என்றால் சோபனா இவ்வளவு யோசிக்கமாட்டாள். ஊர்ப் பிள்ளைகளைப் பாப்பிரெட்டிப்பட்டி ஸ்கூலுக்குக் கொண்டுபோகிற வேன் அவர்களுடையது. ஓட்டிக்கொண்டிருந்த கணவன் பிரபாகருக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை முதல் நான் ஓட்டுகிறேன் என்கிறார் பெரியண்ணன். முப்பது வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டியவர். எதற்கும் ஒரு தடவை கண் டெஸ்ட் எடுத்துவிடலாமே என்று அவள் சொன்னதற்கு, இரண்டு நாள் அவள் கையால் சோறு வாங்கவில்லை.

பிரபாகரிடம் போனில் கேட்டாள். "அப்பாகிட்ட வேண்டாம்னு சொல்ல என்னால ஆவாது. சாவி உங்கிட்டதான இருக்குது, நீயே பாத்துக்க" என்று வைத்துவிட்டான்.

வேப்பமரக் கிளையில் ஊறுகாய் டப்பாவின் சிவப்பு மூடி கயிற்றில் தொங்கியது. பெரியண்ணன் ஐந்து தடவை சுட்டார்.

"போய் எங்கெங்க பட்டிருக்குன்னு பாத்துட்டு வா."

மரத்தின் உச்சியில் ஒரு காயம், ஓரத்துப் பட்டையில் ஒன்று. மற்றவை காற்றோடு போயிருந்தன. மூடி அப்படியே இருந்தது.

"சிதறிக் கெடக்குதுங்க மாமா."

"ஒரே பக்கமா ஒதுங்குனா குறி பாக்கற சைட்டு கோளாறு. சிதறுதுன்னா ஸ்குரூ லூசா இருக்கும், இல்லாட்டி குண்டு சரியில்ல." துப்பாக்கியின் மரப்பிடியில் இருந்த ஸ்குரூவைக் கட்டை விரலால் நெம்பிப் பார்த்தார். "தொட்டுப் பாரு, ஆடுது!"

அவள் தொட்டுப் பார்த்தாள். உண்மையாகவே ஆடியது. அவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது.

ஸ்குரூவை முறுக்கினார். கயிற்று நுனியில் துணியைக் கட்டிக் குழலுக்குள் விட்டு இழுத்தார். கருப்பாக வந்தது. குண்டுகளை உள்ளங்கையில் கொட்டி ஒவ்வொன்றாக உருட்டி, ஓரம் நசுங்கியதையெல்லாம் வீசினார். எல்லாவற்றையும் அவருடைய விரல்களே பார்த்தன. அந்த விரல்களை நம்பலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"இன்னொண்ணு. இறுக்கிப் புடிக்கக் கூடாது. ஸ்டியரிங்கு மாதிரிதான். மேலாக்கப் புடிச்சா நேராப் போவும்" என்றவர், மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "மூடி நேரா தொங்குதான்னு பாத்துட்டு வா."

சோபனா போய்ப் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

"சுடுங்க மாமா."

துப்பாக்கி 'டப்' என்றது.

"பட்டுருச்சு!" கட்டிலிலிருந்து எழுந்தேவிட்டார். "ஆடுது பாரு!"

"ஆடுதுங்களா?"

"இந்தா, எப்படி ஆடுது! உனக்குத் தெரியலியா?"

"எனக்கு எதிர் வெயிலுங்க மாமா."

இன்னொரு குண்டு போட்டார். "நட்ட நடுவுல!" முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. "அந்த ராஜாமணியக் கூப்புடு. வந்து பாத்துட்டுப் பேசட்டும்."

"அக்கா ரேஷன் கடைக்குப் போயிருக்குதுங்க."

"போவட்டும், அப்புறம் காட்டிக்கலாம்." துப்பாக்கியைக் கட்டிலில் சாய்த்தார். "நான் அன்னைக்கே சொன்னனா இல்லியா? ஆளுகிட்ட ஒண்ணும் இல்ல, சாமான்லதான் கோளாறு. சரி, வேன் சாவியக் கொண்டா. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துர்றேன்."

கையை நீட்டினார். நீட்டிய கையில் சிறு நடுக்கம்கூட இல்லை. சோபனா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேனின் முன் சீட்டுக்குப் பிள்ளைகள் சண்டை போடுவது நினைவுக்கு வந்தது.

"சாவி எங்கிட்டயே இருக்கட்டுங்க மாமா" என்றாள் மெதுவாக. "வண்டிக்கு வேற ஆளு சொல்லிக்கலாம்."

"ஏம்மா? அதான் பட்டுதில்ல?"

"பட்டுதுங்க மாமா. வெயில் ஏறுது, உள்ள வாங்க. காப்பி போடறேன்."

அடுப்படிக்கு வந்து இடுப்புச் செருகலைத் தளர்த்தினாள். நேராகத் தொங்குகிறதா என்று பார்க்கப் போனபோதே கயிற்றிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்திருந்த சிவப்பு மூடி, ஒரு கீறல்கூட இல்லாமல் மேடையில் விழுந்தது.