தறிக்கூடத்துப் பேச்சு

"எழுதச் சொன்னா எழுதுறா, சௌடப்பன். கேள்வி கேட்டா வாயும் அசையுது. சத்தம் மட்டும் வரமாட்டேங்குது."

அனுசியா டீச்சர் சொல்லச் சொல்ல, சௌடப்பன் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தான். கைலியிலும் தலைமுடியிலும் தறிக்கூடத்துப் பஞ்சு ஒட்டியிருந்தது. காலடியில் மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளி. பக்கத்தில் மகள் தேவிபிரியா, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க வீட்டுல கன்னடம் பேசுவீங்க. அதனால தமிழ் பேசத் தயங்குறாளோன்னு மொதல்ல நெனச்சேன்."

"தெருவுல பூராம் தமிழ்தான டீச்சர். அவளுக்கு ரெண்டும் வரும்."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அடுத்த ரூமுல பாடம் நடக்குது."

"தறிக்காரன் தொண்டை டீச்சர். அடங்காது," என்று குரலை இறக்கினான்.

டீச்சர் எழுந்துபோய்ப் பீரோவில் ஏதோ காகிதம் தேடினார். எடுத்துக்கொண்டு திரும்பியவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது.

"ரெண்டு தடவை கேட்டுட்டேன். பதிலே சொல்லலியே நீங்க."

சௌடப்பன் கூசிப்போனான். "என்ன கேட்டீக டீச்சர்?"

"வீட்டுலயாவது பேசுவாளான்னு."

"நிறையப் பேசுவா. அது வந்து டீச்சர், தறிக்கூடத்துல வளந்த பிள்ளை. பதினாறு தறி ஒண்ணா ஓடுறப்ப தொண்டை கிழியக் கத்துனாலும் எடுபடாது. நாங்க வாயசைச்சுத்தான் பேசிக்குவோம். அவளும் அப்படியே பழகிட்டா."

டீச்சர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப சரி. தறி நின்ன பெறகு? வீட்டுல தறி இல்லையே, அங்க சத்தமாப் பேசுவால்ல?"

அவன் தலை குனிந்துகொண்டான். தரையில் யாரோ சாக்பீஸால் கிறுக்கியிருந்த கோழியையே பார்த்துக்கொண்டிருந்தான். மகள் சட்டையைப் பிடித்து இழுத்ததும்தான் நிமிர்ந்தான்.

"வீட்டுல வேற யாரு இருக்காங்க?" டீச்சர் மறுபடி கேட்டார் போலிருக்கிறது.

"நாங்க ரெண்டு பேருதான். இவ அம்மா தவறி ரெண்டு வருசமாச்சு."

டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க. பேசினா அடி விழும்னு பயந்த பிள்ளைங்க சில நேரம் இப்படி ஆயிடும். சத்தம் போடாதேன்னு யாராச்சும் மிரட்டினாங்களா?"

சௌடப்பன் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

போன வருசம் பஜாரில் நடந்தது அது. அத்தனை பேர் நடுவில் இவள் "அப்பா, அப்பா" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவன் திரும்பினான். அந்த இடத்திலேயே முதுகில் ஒன்று வைத்தான். இனிமேல் வெளியில் கத்தினால் தோலை உரித்துவிடுவேன் என்றான். அன்றோடு பிள்ளை குரலை உயர்த்தவில்லை. புத்தி வந்துவிட்டது என்று அவனும் நிம்மதியாக இருந்துவிட்டான்.

நான்தான் டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தான்.

"தெரியல டீச்சர்" என்றுதான் வந்தது.

மகள் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு நோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"இந்த வயசுல குரலைத் தொறக்கலேன்னா பின்னாடி ரொம்பக் கஷ்டம்," என்று டீச்சர் காகிதத்தை நீட்டினார். "வியாழக்கிழமை நம்ம ஸ்கூல் மருத்துவ முகாமுக்கு டாக்டர் வர்றாங்க. பார்த்துட்டு, மதுரையில விடுதியோட ஒரு சிறப்புப் பள்ளி இருக்கு, அதுல சேர்க்கச் சொன்னாலும் சொல்லுவாங்க. யோசிச்சுக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாங்க."

விடுதி. அவள் இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவது? ஒரே ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் காகிதத்துக்கு வேலையில்லை. அதைச் சொல்லாமல் காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்தான்.

வராந்தாவில் பெற்றோர் வரிசையில், தறிக்கூடத்து மேஸ்திரி வெள்ளத்துரை உட்கார்ந்திருந்தான். அவன் மகளும் அதே வகுப்புதான்.

"என்ன சௌடப்பா, மகளை ஊமைன்னுட்டாகளாக்கும்?" வெற்றிலைச் சாற்றைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றான். "இப்பவே வைத்தியம் பாரு. செவிட்டுப் பயலுக்குத் தறியில எடமில்லேன்னு நம்ம கூடத்துச் சுப்புராஜைப் போன தையில மொதலாளி வேலைய விட்டு நிறுத்துனாரு, பாத்தேல்ல? நாளைக்கு ஊமைக்கு மட்டும் எவன் வேலை குடுப்பான்?"

சௌடப்பன் சிரித்து மழுப்பினான். மகளை முந்திக்கொண்டு வெயிலுக்குள் இறங்கி வேகமாக நடந்தான். பாதி மைதானம் தாண்டியிருப்பான். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

தேவிபிரியா. ஓடிவந்து அவனுக்கு முன்னால் நின்று, முகத்தைத் தூக்கினாள். உதடு மட்டும் அசைந்தது.

"டீச்சர் கூப்புடுறாகப்பா. நாலு தடவ கூப்பிட்டுட்டாக."

திரும்பினான். வராந்தாவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது, வெள்ளத்துரை உட்பட. படியில் அனுசியா டீச்சர், அவன் மறந்துவிட்டு வந்த தூக்குவாளியோடு நின்றார். பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். அவன் கண்ணைப் பார்த்தார். பிறகு நிதானமாக நடந்து வந்தார்.

வராந்தாவுக்கு முதுகு காட்டி, அவன் முகத்துக்கு நேராக நின்றார். தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு, கசங்கியிருந்த காகிதத்தை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டார். அவர் தொண்டை அசையவில்லை. மகளைப் போலவே உதடு மட்டும் மெல்லப் பிரிந்து சேர்ந்தது:

"எவ்வளவு நாளா உங்களுக்குக் காது கேக்கல?"