லைன் எப்போது தூங்கும்?

லைன் என்கிற சொல் எப்போது தூங்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? அதற்குத்தான் நேரமே கிடையாதே! கரண்ட் போனால் "லைன் வரலையா?" என்பார்கள். ரேஷன் கடையில் "லைன்ல வாங்க" என்பார்கள். போனை எடுத்தால் "லைன் கிடைக்கல" என்று அதன் மேலேயே பழி.

ஒரு மத்தியானம் அது அசந்துபோய் முருங்கை மரத்தடிக்கு வந்தது. அங்கே யாரோ மறந்துவிட்டுப் போன கோடு போட்ட நோட்டு விரிந்து கிடந்தது. லைன் அதன்மேல் ஏறிக்கொண்டு, மரத்திலிருந்த அணிலிடம் சொன்னது:

"அணிலக்கா, எனக்கு இந்த ஒரு வீடு போதும். இனிமே யார் கூப்பிட்டாலும் போகமாட்டேன்."

"மூணு குட்டியை வெச்சிக்கிட்டு நானே இன்னும் படுக்கல, நீ படு ராசா!" என்று மரத்திலிருந்து சிரித்தது அணில்.

முருங்கைப்பூ உதிர உதிர லைனுக்குக் கண் சொக்கியது. நோட்டு மேகம்போல மெல்ல மிதந்தது.

அப்போது கீழே ஒரு குட்டி எறும்பு, தூக்கிவந்த நொய்யரிசியைக் கீழே வைத்துவிட்டு விசும்பியது. "எங்க லைனக் காணோமே! அம்மா எந்தப் பக்கம் போனாங்க?"

லைன் ஒரு கண்ணைத் திறந்தது. பிறகு நோட்டைவிட்டு இறங்கி, எறும்பின் காலடியிலிருந்து புற்று வரைக்கும் நீளமாகப் படுத்துக்கொண்டது.

"அக்கா," என்றது தூக்கக் கலக்கத்தில், "இவ வீடு போய்ச் சேர்ற வரைக்கும், வேற யார் கூப்பிட்டாலும் நான் இல்லைன்னு சொல்லிடுங்களேன்."