எதிர்மனுதாரர் விசாரிக்கிறார்

“என் ஸ்கூட்டியில ஏறித்தான் தெனமும் டீ குடிக்கப் போறான்னு எழுதுங்க! ‘போறார்’னு மரியாதையெல்லாம் போடக் கூடாது!”

நூர்னிசா கத்தியது எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. கேட்காத வீடுகளுக்கு நான் போய்ச் சொன்னேன்.

எழுதிக்கொண்டிருந்தவர் ஏட்டு சமுத்திரம். டீ குடிக்கப் போனவரும் அவரேதான்.

ஹெல்மெட் போடவில்லை என்று இரண்டு மாதத்துக்கு முன் அவள் வண்டியைப் பிடித்தவர், அபராதம் கட்டிய பிறகும் திருப்பித் தரவில்லை. இளஞ்சிவப்பு வண்டி, முன்னால் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். அதில் அந்த மீசை போவதைப் பார்க்கவே நாங்கள் வாசலுக்கு வருவோம்.

நூர்னிசா பாடுதான் திண்டாட்டம். தைத்த ஜாக்கெட்டுகளைப் பையில் அடைத்து மம்சாபுரத்துக்கு பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினாள். சொன்ன நேரத்துக்குப் போகாததால் பாதி வாடிக்கை கைவிட்டுப் போனது.

பொறுக்காமல் மேலதிகாரிக்கு மனுப் போட்டாள்.

மேலே போன மனு, ‘விசாரித்து அறிக்கை அனுப்புக’ என்ற குறிப்போடு மேசை மேசையாகக் கீழே இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு வந்தது. மற்றவர்கள் எல்லாரும் ஆண்டாள் தேர் பந்தோபஸ்தில் இருந்தார்கள். மிச்சம் சமுத்திரம்.

ஆகவே சமுத்திரத்தைப் பற்றி விசாரிக்கச் சமுத்திரமே வந்தார். அந்த ஸ்கூட்டியில்தான்.

“எதிர்மனுதாரர் மரியாதைக் குறைவா பேசினாராம்மா?”

“‘ஏட்டி, எறங்குட்டி’ன்னான்.”

ஓர் எழுத்து விடாமல் எழுதினார். “சே, என்ன மனுசன்” என்று தலையை வேறு ஆட்டிக்கொண்டார்.

கடைசியில், என்ன நடவடிக்கை வேண்டும் என்று கேட்டார்.

“என் வண்டி வேணும். அவன் மூஞ்சியில இனி முழிக்கக் கூடாது. எங்கயாச்சும் மாத்துங்க!”

“ராஜபாளையம்னு போடவா? அங்க வேலை எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா? ஆளு நொந்துபோவான்.”

“போடுங்க!” என்றது தெரு. அதில் என் குரல்தான் உரக்கக் கேட்டதாக எல்லாரும் சொல்கிறார்கள்.

மூன்றாம் நாள் வண்டி வந்தது, கழுவித் துடைத்து. போன வாடிக்கையும் ஒவ்வொன்றாகத் திரும்பியது. பத்தாம் நாள் மாற்றல் உத்தரவு. நியாயம் ஜெயித்ததென்று நான் நாலு வீட்டுக்குப் பால்கோவா கொடுத்தேன்.

பிறகுதான் விஷயம் கசிந்தது. ராஜபாளையத்தில் அவருக்குப் பெண் பேசி மூன்று வருடமாகிறதாம். மாப்பிள்ளை உள்ளூரில் வேலை பார்த்தால்தான் தாலி என்று பெண்ணின் அம்மா ஒற்றைக் காலில் நின்றாளாம். மாற்றல் கேட்டு இவர் எழுதிய எதற்கும் பதிலே வரவில்லையாம்.

ஆவணியில் கல்யாணம். அங்கேயே குடியும் போய்விட்டார்.

முதல் பத்திரிகை நூர்னிசாவுக்கு வந்தது. ஓரத்தில் குண்டு குண்டாக ஒரு வரி எழுதியிருந்தார்:

‘வண்டி பிடித்த அன்றே தாங்கள் மனுப் போட்டிருந்தால் ஆனியிலேயே முடிந்திருக்கும்.’