லூர்லீன் அழும் பாட்டு

பேருந்துக்குள் அடுப்புபோல் அனலடித்தது. திரைகளை விலக்கக் கூடாது என்பது மேலாளர் ப்ரூயிட்டின் உத்தரவு.

ஹோபர்ட் சட்டையைக் கழற்றி முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான். கென்டக்கியில் ஏதோ ஒரு மாவட்டக் கண்காட்சி. எந்த ஊர் என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டான்.

வெளியே, பேருந்தை ஒட்டிய மேடையில் லூர்லீன் பாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடம் முன்புவரை அண்ணன்மார் இருவருக்கும் நடுவில் நின்று பின்பாட்டுப் பாடியவள். விட்டுப் போன கணவனைத் திரும்பி வரச் சொல்லும் ஒரு பாட்டைத் தனியாகப் பாடிப் பதிவு செய்தாள். ஊர் ஊராக அவளுக்காக அழுதார்கள். இப்போது பேருந்தின் பக்கவாட்டில் அவள் பெயர் மட்டும்தான்.

காலையில்கூட ஹோபர்ட் அவளிடம் சண்டை போட்டான். "இன்னும் எத்தனை நாளைக்கு என்னை இப்படி ஒளிச்சு வைப்ப?"

"கண்காட்சியெல்லாம் முடியட்டும்" என்றாள், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. போன மாதமும் இதையேதான் சொன்னாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். பேசாமல் இருந்தான். மறுபடி தட்டவும், எரிச்சலில் திறந்துவிட்டான்.

பருத்த பெண் ஒருத்தி. கையில் ஒரு ஜாடி பழ ஜாம்.

"நீதான் டிரைவரா? இதை அந்தப் புள்ளகிட்ட குடுத்திடுப்பா. நானே காய்ச்சினது. சாப்பிடுதோ இல்லையோ, பாவம்."

வாங்கிக்கொண்டான்.

"அதை விட்டுட்டு ஓடினானே ஒரு பாவிப்பய, அவன் மட்டும் எங்க பக்கம் வரட்டும். என் வீட்டுக்காரர் துப்பாக்கியைத் துடைச்சு வச்சிருக்கார்."

ஹோபர்ட்டால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. படியிறங்கினான். ப்ரூயிட் பார்த்தால் பார்க்கட்டும்.

"அந்தப் பாவிப்பய நான்தாம்மா. லாரி ஓட்டிக்கிட்டிருந்தப்ப ரேடியோவுல இந்தப் பாட்டைக் கேட்டேன். வண்டியை அப்படியே திருப்பிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். வந்து ஆறு மாசமாச்சு. வெளிய தெரிஞ்சா ரெக்கார்டு விக்காதுன்னு இந்த பஸ்ஸுக்குள்ள அடைச்சு வச்சிருக்காங்க."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தான். சிரித்தாள்.

"வெயில் உன்னை என்னவோ பண்ணிடுச்சு. அவன் வந்திருந்தா அது ஏம்பா இப்படி அழுவுது?"

அந்தப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்த மேடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஹோபர்ட் திரும்பிப் பார்த்தான். திரும்பி வந்ததிலிருந்து இந்தப் பாட்டைக் குரலாக மட்டும்தான் கேட்டிருக்கிறான். பாடும்போது அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

லூர்லீன் கண்களை மூடியிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவில்லை.

பல வருடம் அவளோடு குடும்பம் நடத்தியவன். அவளுடைய பொய் அழுகை அவனுக்குத் தெரியும்.

இது அது இல்லை.